ஒரு கிளி தள்ளி

கல்யாண அழைப்பிதழிலே பெண்ணோட பேருக்குக் கீழே என்ன போடுறதுன்னு எங்க வீட்டிலே ஒரு வாரமாச் சண்டை. பெண்ணுன்னா என் தங்கச்சிக்கு மகன்வழிப் பேத்தி. திருவனந்தபுரத்திலே ஒரு கம்பெனியிலே சாஃப்ட்வேர் எழுதுகா. அவ அப்பன், "எஞ்சினியர்னு போட்டிருவோம், கேக்க நல்லாருக்கும்" என்கிறான். அவ, "டெவலப்பர்னு போடுங்கப்பா" என்கிறா. அவ அம்மைக்கு அது பிடிக்கலை. பிளாட்டு போட்டு விக்கிறவனையும் அப்படித்தானே சொல்லுகாவ, உம்ம மவ மனை விக்கியாளான்னு நாலு பேரு கேப்பாளேங்கிற கவலை அவளுக்கு. புரோகிராமர்னு ஒருத்தர் எடுத்துக் குடுத்தார். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு ஏற்பாடு பண்ணுறவன்னு நினைப்பாவன்னு அதையும் தள்ளியாச்சு. அச்சாபீஸ்காரன் ஆள் மேலே ஆளா அனுப்பிக்கிட்டிருக்கான்.

கடைசியிலே அவ என் முன்னாலே வந்து நின்னா. "பாட்டா, நீங்க சொல்லுங்க. நான் ஆரு?"

எனக்குச் சிரிப்புத் தாங்கலை. இதே சண்டை இதே வீட்டிலே முன்னாலேயும் நடந்திருக்கு. அப்பம் கம்ப்யூட்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சண்டை இவ அப்பனைப் பெத்தவனைப் பத்தி. என் தங்கச்சிக்கு அவனைக் கட்டிக் குடுக்கலாமா வேண்டாமான்னு. அவன் பேரைச் சொல்லப் போறதில்லை. பேருக்கு அலையாத பய அவன்.

வடசேரியிலே எங்க நெசவாளர் சங்கம் சொந்தமாத் தறிக்கூடம் போட்ட காலம். நாங்க அப்பம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரங்க. தமிழ்நாட்டோட சேரணும்னு தெருவிலே ஊர்வலம் போகும். நம்ம ஊரு எந்த ஊருன்னே தீராத நேரம். கோடும் கட்டமும் போட்டு நெய்ஞ்சுக்கிட்டிருந்த எங்களுக்கு, சங்கம் ஒரு ஜக்கார்டு பெட்டி வாங்கித் தறிக்கு மேலே ஏத்தி வெச்சுது. பூவும் கிளியும் அதுவே போட்டிரும்னாங்க. அதுவே எங்க போடும்? அட்டையிலே ஓட்டை குத்திக் குடுக்கணும். ஓட்டை இருக்கிற இடத்திலே நூல் எழும்பும், இல்லாத இடத்திலே கிடக்கும். ஒரு மிதி மிதிச்சா ஒரு அட்டை திரும்பும், ஒரு இழை ஏறும். அப்படி நூத்துக்கணக்கான அட்டையைக் கயித்தாலே கோத்து, ரெண்டு முனையையும் சேத்துக் கட்டி, மாலை மாதிரித் தொங்க விட்டிருக்கும். அந்த அட்டையைக் குத்துறதுக்குத்தான் அவன் வந்தான்.

ஊரு திருவட்டாறு. சேலத்துக்குப் போயி அந்த வேலையைப் படிச்சிட்டு வந்தவன். பேச்சிலே பாதி மலையாளம். என்னோட, உன்னோடன்னு சொல்ல மாட்டான், 'எனக்க, உனக்க'ன்னு ராகம் போட்டு இழுப்பான். நாங்க வடசேரிப் பயக்க அதையே திருப்பிச் சொல்லிக் கேலி பண்ணுவோம். அதுக்கும் சிரிப்பான். ஜன்னலோரம் ஒரு பலகை, ஒரு குத்தூசி, ஊசியை அடிக்க ஒரு மரக் கொட்டாப்புளி, இவ்வளவுதான் அவன் சொத்து. அட்டையிலே இருந்து தெறிக்கிற வட்டத் துணுக்கு எப்பமும் அவன் தலைமயிரிலே ஒட்டிக்கிட்டிருக்கும். அதனாலே நாங்க வெச்ச பேரு 'ஓட்டை'.

"ஏலே ஓட்டை, சாயா குடிக்க வாறியா?"

"வாறேன் மக்கா. இந்த அட்டை தீரட்டும்."

தீராது. ஒரு அட்டை பாதியிலே இருந்தா அவனுக்குக் காது கேக்காது. சாயா ஆறி ஆடை படிஞ்சு கிடக்கும், வந்து அதையும் ரசிச்சுக் குடிப்பான். ஆனா பக்கத்து அறையிலே குச்சியிலே நூலேத்தித் தார் சுத்துற பொம்பளைகள் இருந்தாங்க. அதிலே என் தங்கச்சியும் உண்டு. அவ சிரிச்சா மட்டும் அந்தக் கொட்டாப்புளி ஒரு நொடி அந்தரத்திலே நிக்கும். தறியிலே உக்காந்திருந்த எனக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? அவனை ஓட்டைன்னு கூப்பிடாத ஒரே ஆளு அந்தக் கூடத்திலே அவதான்.

அவன் கிட்ட யாரும் வழி கேட்டுரப்பிடாது. ஒருக்கா வெளியூர்க்காரர் ஒருத்தர் வட்டக்கோட்டைக்கு எப்படிப் போகணும்னு சங்கத்து வாசல்ல நின்னு கேட்டார். எல்லாரும் கையைக் காட்டினோம். இவன் எழும்பி வந்து, "நீரு இப்பம் எந்தப் பக்கம் பாத்து நிக்குதீரு? அதைச் சொன்னாத்தானே உமக்கு இடது எது வலது எதுன்னு வரும்?" என்றான். அந்த மனுஷன் மிரண்டு போயி, நின்ன இடத்திலேயே ஒரு சுத்து சுத்தினார். இவன் அவரைத் தோளைப் பிடிச்சுக் கிழக்கே திருப்பி நிறுத்தி, "இனி சொல்லுகேன்"னு ஆரம்பிச்சான். ஆரம்பம் சரியில்லைன்னா சொல்லுறது எல்லாம் பிழைங்கிறது அவன் கட்சி.

இன்னொண்ணும் சொல்லுவான். "சொன்னது பிழைச்சா, செய்தவனைத் தல்லாதே." தல்லுறதுன்னா அவங்க பக்கத்திலே அடிக்கிறது. வெறும் வாய்ப்பேச்சுன்னுதான் நினைச்சேன், ஒரு நாள் காரியத்திலே காட்டினான். கசவுச் சரிகை போட்ட நேரியல் துண்டு ஒண்ணிலே பூவுக்கு ஒரு இதழைக் காணோம். ஒரு பூ இல்லை, அத்தனை பூவுக்கும். சங்கச் செயலாளர் எனக்கு அடுத்த தறியிலே இருந்த பெரியவரைப் பிடிச்சு, "கண்ணு அவிஞ்சு போச்சாவே? வீட்டிலே போயி இரியும்"னு கத்தினார். பெரியவரு தறியை விட்டு எழும்பி, துண்டை எடுத்துத் தோளிலே போட்டார். இவன் பலகையை விட்டு எழும்பி வந்தான். அதிலே ஒரு பூவைப் பிடிச்சு, இதழ் இல்லாத இடத்திலே பெருவிரலை வெச்சான்.

"இது எனக்கது" என்றான்.

"என்னதுவே உனக்கது?"

"பிழை. ஒரு அட்டையிலே ஒரு ஓட்டை குத்தாம விட்டிருக்கேன். தறி ஒவ்வொரு சுத்துக்கும் அதைத் திருப்பித் திருப்பி ஒழுங்காச் செய்திருக்கு. பெரியவரு நெய்த்து நல்ல நெய்த்து. திட்டணும்னா என்னைத் திட்டும்."

செயலாளர் திட்டினார். அவருக்கென்ன, ஆளு மாறினாலும் வாயி மாறலை. இவன் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டான். பிறகு தறி மேலே ஏறி, அந்த அட்டையைத் தேடி எடுத்துக் குத்திட்டு, வெத்திலை வாங்கிட்டு வந்து பெரியவர் கையிலே குடுத்தான். அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணினேன், தங்கச்சியை இவனுக்குத்தான் குடுக்கணும்னு.

எங்க அப்பா அப்பம் இல்லை. தாய்மாமன் சொல்லுதான் முடிவு. மாமா கோட்டாத்துச் சந்தையிலே அரிசிக்கடை வெச்சிருந்தவர். நல்ல மனுஷன்தான், ஆனா நாக்கு வெட்டரிவா.

"பையன் என்ன சோலி பாக்கான்?"ன்னு கேட்டார்.

"சங்கத்திலே இருக்கான், மாமா."

"சங்கத்திலே பூனையும் இருக்கு. சோலி என்னன்னு கேட்டேன்."

"அட்டை குத்துகான்."

"நெய்வானா?"

"மாட்டான்."

"கிளியை வரையிறது இவனா?"

"அதுக்கு வேற ஆளு இருக்கு. இவன் குத்திக் குடுக்கிறபடிதான் தறி நெய்யும்."

"ஓட்டை போடுகதுக்கு எலி போராதா மக்கா? மருமவளை ஆருக்குக் குடுத்தீருன்னு சந்தையிலே நாலு பேரு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? வாத்தியாருங்கவா, வைத்தியருங்கவா, நெய்த்துக்காரருங்கவா? ஒரு பேரு வேண்டாமா? ரெண்டுங்கெட்டானுக்கா பொண்ணு?"

நான் நேரே அவன் கிட்ட போனேன். "ஏலே, எஞ்சினியர்னு சொல்லிருவோம். மாமாவுக்கு ஒரு பேரு போதும்" என்றேன்.

"பாலம் இடிஞ்சா எஞ்சினியரைப் பிடிச்சு ஜெயில்லே போடுவாவ மக்கா. அதனாலே அவருக்கு அந்தப் பேரு. எனக்க பூவிலே ஒரு இதழு குறைஞ்சா ஆரு ஜெயில்லே போடுவா?"

"அப்பம் டிசைன் மாஸ்டர்னு சொல்லட்டா?"

"கிளியைப் பெத்தது வரையிறவரு. வளத்ததுக்கு நான் தகப்பன் ஆவேனா?"

"நெய்த்துக்காரன்னாவது சொல்லித் தொலையேம்லே!"

"உனக்க முட்டுவலி எனக்கு உண்டா? வலி உனக்கு, பேரு எனக்கா? அது களவு."

"பின்னே நீ ஆருதாம்லே?"

"தெரியல்ல மக்கா. பேரு கிட்டும்போ கிட்டட்டும். சோலி நடக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கொட்டாப்புளியாலேயே அவன் மண்டையிலே ஒண்ணு போட்டிருப்பேன். ஒரு பொய் சொன்னா கல்யாணம் நடக்கும். இவன் என்னடான்னா ஊரு உலகத்துப் பேரையெல்லாம் உரியவங்களுக்குத் திருப்பிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கான். தங்கச்சி சோறு சரியாத் தின்னு நாளாச்சு. அம்மை மாமா காலைப் பிடிக்காத குறை. கடைசியிலே மாமா இறங்கி வந்தார், ஆனா ஒரு கொக்கி போட்டார். "நிச்சயத்துக்குச் சேலை அவங்கதானே கொண்டு வரணும்? அவன் அட்டை குத்தின சேலையே வரட்டும். பேரு இல்லைன்னா போகுது, சோலி என்னன்னு அதிலே பாத்துக்கிடுகேன். மனசுக்குப் பிடிச்சாத் தாம்பூலம். இல்லைன்னா தட்டத்தை எடுத்துக்கிட்டுத் திருவட்டாத்துக்குப் பஸ் ஏறச் சொல்லு."

கரை முழுக்க ஜோடிக் கிளி. ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்கிற பச்சைக் கிளி, நடுவிலே கசவிலே ஒரு பழம். அவன் அட்டை குத்தினான், நான் நெய்ஞ்சேன். என் தங்கச்சிக்கு என் தறியிலே சேலை! நெய்யும்போது துணிக்கு அடிப்பக்கம்தான் நமக்குத் தெரியும், அதிலே நூல் குறுக்கும் மறுக்குமாக் கிடக்கும், உருவம் பிடிபடாது. நல்ல பக்கம் தரையைப் பாத்துத் திரும்பி இருக்கும், நெய்ய நெய்ய உருளையிலே சுருண்டு போயிரும். முதல் அட்டை எதுன்னு அவன் ஒரு சிவப்பு நூலைக் கட்டி அடையாளம் வெச்சிருப்பான். அந்த நூல் கண்ட இடத்திலே நான் மிதிக்க ஆரம்பிச்சேன். முடிஞ்சதும் அறுத்து மடிச்சு அவன் அம்மை கையிலே குடுத்தாச்சு. ஆரும் விரிச்சுப் பாக்கலை. மாமாதான் முதல்லே விரிக்கணும், அதுதான் முறை.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வாற வழக்கம் கிடையாது. ஆனா சேலை அவன் சோலியாச்சே, அதனாலே முற்றத்திலே ஒரு ஓரமா வந்து நின்னான். மாமா வெத்திலைத் தட்டத்திலே இருந்து சேலையை எடுத்து, முந்தியைப் பிடிச்சு உதறினார். கூட்டமே கழுத்தை நீட்டுது. மாமா முகம் சுருங்கிப் போச்சு.

முந்தி ஓரத்திலே, கண்ணு முதல்லே போயி விழுற இடத்திலே, ரெண்டு கிளியும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணு இந்தப் பக்கம் பாக்குது, இன்னொண்ணு அந்தப் பக்கம். கோவிச்சுக்கிட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி.

"ஐயோ, நிச்சயச் சேலையிலேயா!"ன்னு உள்ளே இருந்து ஒரு பொம்பளைக் குரல். "விளங்கினாப்பிலதான்"னு இன்னொண்ணு. வாயிலே வந்ததைச் சொன்னேன். "மாமா, அது தறிக்கோளாறு. பெட்டி புதுசு, இடையிலே இழுத்துப் போட்டிருக்கும்."

"இல்ல" என்றான் அவன்.

சனியன் பிடிச்ச பய, அங்கேயும் விடலை. முற்றத்திலே இருந்து நேரே வந்தான். மாமா கையிலே கிடந்த சேலையிலே, அந்த முதல் கிளி மேலே பெருவிரலை வெச்சான்.

"இது எனக்கது. தறி மேலே பிழை இல்ல, இவன் மேலேயும் இல்ல. நான் சொன்னதைத்தான் ரெண்டும் செய்திருக்கு. சிவப்பு நூலை ரெண்டாவது கிளிக்க முதல் அட்டையிலே கெட்டிட்டேன். முதல் கிளியிலே கெட்டியிருக்கணும்."

வழி கேக்க வந்தவனைத் தோளைப் பிடிச்சுத் திருப்பி நிறுத்தின ஆளு! ஆரம்பம் ஆரம்பம்னு எங்க உயிரை எடுத்த ஆளு! எனக்கு அழவா சிரிக்கவான்னு தெரியலை.

"எங்க பாத்துக்கிட்டுவே கெட்டினீரு?"ன்னு மாமா கேட்டார்.

அவன் காது ரெண்டும் சிவந்து போச்சு. ஒரு பொய் சொல்லலாம்லா, தூசி விழுந்துதுன்னோ, கண்ணு கூசிச்சுன்னோ. அவனுக்கு அது வராதே.

"தார் சுத்துற அறையைப் பாத்து" என்றான்.

உள்ளே பொம்பளைகள் குபீர்னு சிரிச்சுட்டாங்க. மாமா சிரிக்கலை. "அப்பம் இதுதான் உம்ம சோலி, இல்லியா? பிழை செய்யது."

"பிழை எல்லாரும் செய்வாவ. பிழை வந்தா, இது எனக்கதுன்னு வந்து நிக்கியது எனக்க சோலி. அதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியல்ல. சேலையைத் தாங்க, வேற நெய்ஞ்சு தாறோம். அது வரைக்கும் எனக்குப் பொண்ணு கேக்க ரைட்டு இல்ல." அவன் கை நீட்டினான். மாமா தட்டத்தைப் பாத்தார். எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்லப் போறார்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அவன் அம்மை முந்தானையாலே வாயைப் பொத்திக்கிட்டா.

அப்பம்தான் என் தங்கச்சி வெளியே வந்தா. நிச்சயத்தன்னைக்குப் பொண்ணு கூப்பிடாம சபையிலே வந்து நிக்கிறதை நான் அதுக்கு முன்னாலே பாத்ததில்லை, பிறகும் பாத்ததில்லை. மாமா கையிலே இருந்து சேலையை வாங்கினா. முந்தி ஓரத்தை நாலு விரல்கடை அளவுக்கு, சரியா அந்த முதல் கிளி மறையிறபடி, உள்ளே மடிச்சா.

"இப்பம் பாருங்க மாமா."

பாத்தோம். முன்னாலே வந்த ரெண்டு கிளியும் மூக்கும் மூக்கும் உரசுற மாதிரி ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது. அதுக்கு அடுத்த ஜோடியும் அப்படியே. சேலை முழுக்க அப்படியே.

"கிளி எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆரம்பம்தான் ஒண்ணு தள்ளிப் போச்சு" என்றா.

"பிழையை மறைக்கியா ஏட்டி?"

"மறைக்கல்ல மாமா. மடிச்சு வெக்கேன். எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்."

மாமா அவளைப் பாத்தார், அவனைப் பாத்தார், கிளியைப் பாத்தார். அவன் தலையிலே அன்னைக்கும் ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டிக்கிட்டிருந்துது. மாமா கையை நீட்டி அதை எடுத்து ஊதி விட்டார். "வெத்திலையை எடுங்க, தாம்பூலம் மாத்திருவோம்" என்றார். எங்க அம்மை ஓன்னு அழுதுட்டா.

கல்யாணத்துக்கு அப்புறமும் அவனுக்கு ஒரு பேரு கிடைக்கலை. ஜில்லா தமிழ்நாட்டோட சேந்து ஊருக்கே பேரு தீந்து போச்சு, இவனுக்குத் தீரலை. மாமாதான் தனக்குன்னு ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தார். சந்தையிலே ஆராவது மருமவன் என்ன சோலின்னு கேட்டா, "உம்ம துணியிலே குத்தம் இருந்தாச் சொல்லும், அவன் வந்து நிப்பான்" என்பார். கேட்டவன் முழிப்பான். மாமா அரிசியை அளக்கப் போயிருவார்.

அவன் போயிச் சேந்து காலமாச்சு. தங்கச்சியும் பின்னாலேயே போயிட்டா. அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்குப் பிறகு வாய்க்கலை. இப்பமும் சாயா ஆறிப் போனா அவன் ஞாபகம்தான் வருது.

இதையெல்லாம் சொல்லி முடிச்சேன். பிள்ளை எழும்பிப் போயி, அலமாரியிலே இருந்து அந்தச் சேலையை எடுத்துக்கிட்டு வந்தா. மடிப்பிலே அவ ஆச்சி, என் தங்கச்சி, போட்ட தையலைப் பிளேடாலே மெள்ளப் பிரிச்சா. மத்த கிளியெல்லாம் வெயிலும் சோப்பும் பட்டு வெளிறிக் கிடக்கு. உள்ளே இருந்த அந்த ஒரு கிளி மட்டும் பச்சைப் பசேல்னு, நேத்திக்குத் தறியிலே இருந்து இறக்கின மாதிரி இருக்கு.

"பாட்டா, இது எங்க ஆபீஸிலே தினமும் நடக்கது" என்றா. "எழுதுறப்போ எண்ணிக்கையை ஒண்ணு தள்ளி ஆரம்பிச்சிருவோம். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"அப்பம் என்ன செய்வாவ?"

"ஆரு எழுதினதுன்னு கேப்பாவ."

"நீ என்ன சொல்லுவே?"

"சில நேரம் நான்தான்னு சொல்லியிருக்கேன். சில நேரம் கம்மன்னு இருந்திருக்கேன்."

அந்த நேரம் பாத்து அச்சாபீஸ் பையன் திரும்பவும் வாசல்லே வந்து மணியடிக்கான். அவ அப்பன் உள்ளே இருந்து, "எஞ்சினியரா, டெவலப்பரா? ஒண்ணைச் சொல்லுட்டி!"ன்னு சத்தம் போட்டான்.

"பேரை மட்டும் போடச் சொல்லுங்கப்பா" என்றா அவ. பிறகு என் பக்கம் திரும்பி, "கல்யாணத்துக்கு இதைத்தான் உடுத்தப் போறேன். மடிக்காம" என்றா.

"பாக்கிறவங்க கேப்பாவ மக்கா. கல்யாணத்திலே முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற கிளி என்னதுன்னு."

"கேக்கட்டும் பாட்டா."

அவ அந்தப் பச்சைக் கிளி மேலே பெருவிரலை வெச்சிருந்தா. ஆரும் சொல்லிக் குடுக்கலை, அவ பிறக்குமுன்னாலேயே அவன் போயிட்டான். அதே மாதிரி அழுத்தி வெச்சிருந்தா.

"இது எங்களுக்கதுன்னு சொல்லுகேன்" என்றா.